அந்தியிற் கண்ணயரும் செடி

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பது பழமொழி. வெள்ளவத்தையிலோ ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பூஞ்செடியும் இருந்தது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் மாலைவேளையில் நடந்து செல்வோர், ஒரு மதிலின்மேல் செவ்வரத்தையும், அடுத்த மதிலின்மேல் நந்தியாவட்டையும், அதற்கப்பால் அலரியும் தலைநீட்டி நிற்பதைக் கண்டு செல்வர். அம்மதில்களிற் பல இன்று இல்லை. வீடிருந்த நிலங்களில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. வீட்டோடு போன செடிகள் பல. பூச்சாடியில் ஏறி ஐந்தாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் குடிபெயர்ந்த செடிகள் சில. அச்சிலவற்றுள் ஒன்று எம் வீட்டிலும் உள்ளது. அதனை வளர்க்கும் முறையை எழுதித் தருமாறு அயலவர் சிலர் கேட்டனர். எழுத உட்கார்ந்தபோது, முறையை மட்டும் தனியே பிரித்தெழுத எம்மால் இயலவில்லை. ஆகவே செடியின் கதையையும் சேர்த்தே சொல்கின்றோம்; வாசகர்கள் பொறுத்தருள்க.

ஆங்கிலத்தில் இச்செடியைப் 'பவுடர் பஃப்' என்பர். முகத்திற்குப் பவுடர் பூசும் பஞ்சுருண்டை போன்ற பூவையுடையது என்பது கருத்து. எம் அன்னையார் அதற்கு வைத்த பெயர் 'குஞ்சப்பூ'. பெண்பிள்ளைகளின் பின்னல் நுனியிற் கட்டும் குஞ்சத்தை அவர் நினைத்திருத்தல் வேண்டும். தாவரநூலார் வழங்கும் பெயர் 'கலியாண்ட்ரா ஹீமற்றோசெபலா' என்பதாகும். முதற்சொல் அழகிய கேசரங்களை உடையது எனவும், அடுத்த சொல் குருதிநிறத் தலையை உடையது எனவும் பொருள்படும்.

பெயர் கடினமாயினும் பொருத்தமானதே. நாம் ஒரு பூ என்று கொள்வது உண்மையிற் பல சிறு பூக்களின் கூட்டம். இதழ்கள் மிகச் சிறியன. உற்று நோக்கினாலன்றித் தோன்றா. சிவந்த நூல்களாகச் சிலிர்த்து நிற்பன அனைத்தும் கேசரங்களே. மொட்டுக் காலத்தில் அக்கூட்டம் முசுக்கட்டைப் பழம்போல் உருண்டு திரண்டிருக்கும். விரிந்ததும் இரண்டு மூன்று அங்குல அகலமுள்ள செம்பந்தாகிவிடும். அதன் அழகு ஓரிரு நாளே. அவ்வோரிரு நாளுக்குள் தேனீக்களும் தேன்சிட்டுக்களும் வந்து தம் பங்கைப் பெற்றுச் செல்லும்.

இச்செடி தொட்டாற்சுருங்கிக்கு நெருங்கிய உறவு. தொட்டவுடன் சுருங்கும் நாணம் இதற்கில்லை. ஆயினும் அந்தி சாயும் வேளையில் சிற்றிலைகள் சோடி சோடியாகக் கூப்பிக்கொள்ளும். எமது இளமையில் எம் வீட்டின் மாலைக் கடிகாரம் அதுவே. "குஞ்சம் கண்ணை மூடியிட்டுது, விளக்கை ஏத்துங்கோ" என்று அன்னையார் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பார். விளையாட்டை விட்டு, கால்முகம் கழுவி, விளக்கின் முன் நாம் வந்து நிற்கவேண்டிய நேரம் அது.

இலைகள் இவ்வாறு உறங்குவது எவ்வாறு என்று மாணவர்கள் கேட்கக்கூடும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சிறியதொரு புடைப்பு உண்டு. அப்புடைப்பின் ஒரு பக்கத்துக் கலங்களில் நீர் நிறைந்து மறுபக்கத்துக் கலங்களில் நீர் குறையும்போது இலை மடிகின்றது. நீர் மாறியதும் விரிகின்றது. இருட்டுத்தான் இதற்குக் காரணமெனப் பலரும் எண்ணியிருந்தனர். பிரெஞ்சு அறிஞர் டி மைரான் என்பவர் 1729ஆம் ஆண்டில், இரவில் இலைமூடும் செடியொன்றை வெயில் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். அச்செடி தொட்டாற்சுருங்கி இனத்ததென்று கூறுவர். பகலென்று அறிவிக்க ஒளியில்லாதிருந்தும், அது தன் நேரப்படியே விரிந்து, தன் நேரப்படியே மூடிற்று. உயிர்களுக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடுகின்றது என்ற ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்கிற்று. பழப்பூச்சிகளில் அக்கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் மூவருக்கு 2017ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. எம் அன்னையார் இவற்றுள் எதனையும் படித்தவரல்லர். எனினும் விளக்கேற்றும் நேரத்தை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

இதன் உறவினர் யாவரும் நல்லவரல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிடுதல் நன்று. பெருந்தொட்டாற்சுருங்கி ஒன்றுண்டு. ஆளுயரத்துக்கு மேல் வளரும் முட்புதர் அது. வட ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரத் தாவரத்தோட்டத்தின் வழியாக 1891க்கு முன்னர் வந்து, பின்னர் ஆற்றுவெளிகளையெல்லாம் அடைத்துக்கொண்டது. எமது நாட்டிலும் 1990களில் மகாவலிக் கரையிற் காணப்பட்டது. இளஞ்சிவப்புப் பூவைக் கண்டு மயங்கி, ஆற்றங்கரை முட்செடி எதனையும் வீட்டுக்குக் கொண்டுவரலாகாது. குஞ்சப்பூச் செடியில் முள் இல்லை. இதனை அடையாளமாகக் கொள்க. ஐரோப்பியர் 'மைமோசா' என்று கடைகளில் விற்பது வேறு. அது ஆஸ்திரேலிய வேலமரம் ஒன்றின் மஞ்சட்பூ. இத்தாலியில் 1946 முதல் மகளிர் நாளாகிய மார்ச் 8ஆம் திகதியில் அப்பூவைப் பெண்களுக்குக் கொடுப்பது வழக்கம்.

எமது செடி வெள்ளவத்தைக்கு வந்த வரலாறு எளியது. 1974ஆம் ஆண்டில் எம் பெற்றோர் அவ்வீட்டிற் குடிபுகுந்தபோது, கொட்டாஞ்சேனையிலிருந்த பெரியம்மா ஒரு கன்று கொடுத்தார். புனித லூசியாஸ் பேராலயத்தின் குவிமாடம் தெரியும் முற்றமொன்றில் அவருடைய தாய்ச்செடி நின்றது. வேர்விட்ட கிளையொன்றைப் பால்மாப் பேணியில் நட்டு, அதனை மடியில் வைத்துக்கொண்டு அன்னையார் பஸ்ஸில் வந்தார். கிணற்றடிக்கும் மதிலுக்கும் நடுவே, கடற்காற்று நேரே படாத மூலையில் அதனை ஊன்றினார். சில ஆண்டுகளில் அது மதிலைக் கடந்துவிட்டது.

1983ஆம் ஆண்டு யூலை மாதம் 25ஆம் திகதி எம் வீடு எரிந்தது. அதைப்பற்றி எழுதியவர் பலர், நாம் நீட்டவில்லை. உடுத்த உடையோடு வெளியேறினோம். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளோடு அகதிகளாகச் சில நாட்கள் இருந்து, பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறையை அடைந்தோம். அன்னையார் யாழ்ப்பாணத்துக்குப் புதியவரல்லர். பிறந்த ஊர் அது. ஆயினும் அந்த மாதங்களில் அவர் ஓரிடத்தில் ஊன்றி உட்கார்ந்ததை நாம் கண்டதில்லை. சமைப்பார், பரிமாறுவார், பிறகு படலையடியிற் போய் நிற்பார்.

ஐப்பசியில் ஐயா தனியே கொழும்புக்குச் சென்று வீட்டைப் பார்த்தார். அங்கிருந்து ஒரு கடிதம் எழுதினார். கூரை இல்லை, கதவுகள் இல்லை, சுவர்கள் நிற்கின்றன என்று இரண்டு வரி. அதன்பின் ஒரு வரி: குஞ்சம் கரிந்துபோனாலும் அடியிலிருந்து தளிர்த்திருக்கின்றது. அன்னையார் அக்கடிதத்தை மடித்து இடுப்பிற் செருகிக்கொண்டார். மறுபடியும் கொழும்புக்குப் போவதா என்று உறவினர் அனைவரும் தடுத்தபோது, அவர் எவருடனும் வாதாடவில்லை. 1985ஆம் ஆண்டு தொடக்கத்தில் நாம் திரும்பி வந்தோம். செடி அதற்குள் எமது தோளுயரம் வளர்ந்திருந்தது. தளிர்க்கும்போது இச்செடியின் இலை செம்பு நிறமாயிருந்து, முற்றும்போதே பச்சையாகும். அன்று அச்செம்புத் தளிர்களை அன்னையார் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது எம் கண்முன் நிற்கின்றது.

இச்செடிக்கும் அப்படியொரு வரலாறு உண்டு என்பதை நாம் பிற்காலத்திற் படித்தறிந்தோம். இதன் இனத்துக்குப் பெயரிட்டவர் ஆங்கிலேய அறிஞர் ஜோர்ஜ் பெந்தம், ஆண்டு 1840. குஞ்சப்பூவை விவரித்துப் பெயரிட்டவர் ஹாஸ்கார்ல், ஆண்டு 1855. அவர் கண்டது காட்டுச்செடி அன்று. ஜாவாத் தீவின் தோட்டத்தில் எவரோ கொண்டுவந்து நட்டு வளர்த்த செடி. அதன் பிறந்தவீடு தென்னமெரிக்காவிலுள்ள பொலிவியா நாடு எனப் பின்வந்தோரே துணிந்தனர். பிறந்த காட்டில் அறியப்படுமுன்னே, போய்த் தங்கிய தோட்டத்தில் அது பெயர் பெற்றுவிட்டது.

ஐயா காலமானார். உடன்பிறந்தாருள் இருவர் கனடாவுக்கும் ஒருவர் இலண்டனுக்கும் போயினர். 2016ஆம் ஆண்டில் வீட்டை விற்று, அதே வட்டாரத்தில் அடுக்குமாடி வீடொன்று வாங்குவதெனக் குடும்பத்தவர் தீர்மானித்தோம். தீர்மானித்தோம் என்று எழுதுகின்றோமாயினும், அன்னையாரிடம் அதனைக் கடைசியிலேதான் சொன்னோம். அவர் மறுக்கவில்லை; சம்மதிக்கவும் இல்லை. "குஞ்சம் என்னாகும்?" என்று மட்டும் கேட்டார்.

வேரோடு தோண்டி எடுக்கலாமா என்று பார்த்தோம். நாற்பதாண்டு நின்ற செடியின் வேர் மதிலின் அடித்தளத்துக்குள்ளும் கிணற்றுக் கட்டின் கீழும் புகுந்திருந்தது. தோண்டினால் பிழைக்காது என்பது தெளிவாயிற்று. ஒரு கிளையை வெட்டிச் சாடியில் நட்டுவிடுவோம் என்றோம். அப்போது அன்னையார் சொன்ன சொல்லை இன்றும் மறக்கவில்லை.

"வேர் காணாமல் வெட்டிப்போடாதை, மோனை."

அதன் பொருள் செடியோடு முடியவில்லை என்பதை அன்று உணர்ந்தோம். வீட்டைக் கையளிப்பதற்குத் தைமாத முடிவுவரை தவணை கேட்டுப் பெற்றோம். ஐப்பசி மழை தொடங்கியதும் மூன்று கிளைகளிற் காற்றுப் பதி வைத்தோம்.

பதி வைக்கும் முறை இதுவாகும். சுட்டுவிரற் பருமனுள்ள, மிக முற்றாத கிளையைத் தெரிந்துகொள்க. கணுவொன்றின் கீழே, கூரிய கத்தியால், ஓர் அங்குலத்துக்குக் குறையாத அகலத்தில் பட்டையை வளையமாக உரித்து, உள்ளிருக்கும் வழுவழுப்பையும் சுரண்டிவிடுக. தென்னந்தும்புத் தூளை நனைத்து, கையாற் பிழிந்து, நீர் சொட்டாத பதத்தில் உரித்த இடத்தைச் சுற்றி ஒரு பிடியளவு வைத்து, பொலித்தீனால் மூடி, மேலும் கீழும் இறுகக் கட்டுக. இலை சமைத்த உணவு பட்டையின் வழியே கீழிறங்கும். பட்டை உரிக்கப்பட்டமையால் அது வளையத்தின் மேல்விளிம்பிலே தங்கி, அங்கே வேர் பிறக்கத் துணைசெய்கின்றது. நீரோ உள்மரத்தின் வழியே மேலேறுவது, அதற்குத் தடையில்லை. ஆகவே தனக்கென வேர் உண்டாகும்வரை கிளை தாயின் நீரிலேயே வாழ்கின்றது.

எமது மூன்று பதிகளுள் முதலாவது அழுகிற்று. தும்பைப் பிழியாமல் வைத்ததே தவறு. இரண்டாவதில் வளையத்தை ஒடுக்கமாக வெட்டிவிட்டோம், மேற்பட்டையும் கீழ்ப்பட்டையும் மீண்டும் கூடிவிட்டன, வேர் பிறக்கவில்லை. மூன்றாவது பதி மார்கழி நடுப்பகுதி வரை எதனையும் காட்டவில்லை. அன்னையார் நாள்தோறும் காலையில் கைத்தடியோடு போய் அந்தப் பொலித்தீனைப் பார்த்து வருவார். வீட்டுப் பொருட்களைக் கட்ட அவர் ஒருவரையும் அனுமதிக்கவில்லை. தைப்பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு, பொலித்தீனுக்குள்ளே வெண்ணூல்போல் நான்கைந்து வேர்கள் ஓடியிருக்கக் கண்டோம். அன்று மாலை அன்னையார் தாமாகவே அலுமாரியைத் திறந்து சேலைகளை மடிக்கத் தொடங்கினார்.

வேர்கள் பழுப்பேறும்வரை மேலும் பத்து நாள் பொறுத்து, பதியின் கீழே வாளால் அறுத்து, இலைகளிற் பாதியைக் கழித்து, சாடியில் நட்டு, மூன்று வாரம் நிழலில் வைத்தோம். புது வீட்டுக்கு லொறியில் ஏறிய கடைசிப் பொருள் அதுவே.

இனி, இச்செடியை வளர்க்க விரும்புவோர் அறியவேண்டியவற்றைத் தொகுத்துரைப்போம். பதிக்கு வசதியில்லாதோர் அரைமுற்றலான தண்டை ஒரு சாண் நீளத்தில் வெட்டி மணலில் ஊன்றலாம். பலவற்றை ஊன்றினாற் சிலவே பிழைக்கும். விதை கிடைப்பின் ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைக்கலாம். வீட்டுச் செடிகள் காய்ப்பது குறைவு. நிலத்தில் நடுவோர் நீர் தேங்காத இடமாகப் பார்த்து, இரண்டடிக் கிடங்கு வெட்டி, மக்கிய மாட்டெருவும் இலைக்குப்பையும் மண்ணோடு கலந்து நடுக. அரைநாள் வெயிலேனும் வேண்டும். நிழலில் இலை தழைக்கும், பூ குறையும். கடலோர ஒழுங்கைகளில் உப்புக்காற்று இலையைக் கருக்கும். மதிலோ சுவரோ மறைக்கும் பக்கமே ஏற்றது. விட்டால் பத்துப் பன்னிரண்டு அடி உயரமும் அவ்வளவு அகலமும் வளரும். ஆகவே இடம்விட்டு நடுதல் வேண்டும்.

கத்தரிப்பதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் காலமறிந்து கத்தரிக்க வேண்டும். ஒருமுறை பூத்து ஓய்ந்தபின் கத்தரித்தால், புதுக்கொம்புகள் எழுந்து அவற்றின் இலைக்கக்கங்களில் மொட்டுக் கட்டும். முசுக்கட்டை போன்ற மொட்டுக்களைக் கண்டபின் கத்தியை எடுத்தல் கூடாது. பசளையும் அளவோடு இருத்தல் நன்று. மிகுந்தால் இலையே பெருகும்.

மாடி வீட்டிலுள்ளோர், வாய் ஒன்றரை அடி அகலமுள்ள சாடியைக் கொள்க. அடியில் துளைகள் இருத்தல் அவசியம். துளைமேல் உடைந்த ஓட்டுத்துண்டுகளை இட்டுப் பின் மண் நிரப்புக. மேல்மண் காய்ந்தபின் நீர் ஊற்றுக. சாடியின் கீழ்த்தட்டில் நீரைத் தேங்கவிடலாகாது; டெங்கு நுளம்புக்கு அவ்வளவு நீரே போதும். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை செடியை வெளியே எடுத்து, சுற்றியோடிய வேர்களைச் சிறிது கழித்து, புதுமண் இடுக. வெண்மூட்டுப் பூச்சி கண்டால் சவர்க்காரம் கரைத்த நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிடுக.

எம் சாடிச்செடி 2018ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பூத்தது. ஐந்தாம் மாடியானாலும் தேன்சிட்டு வழி கண்டு வந்துவிட்டது. பழைய வீட்டு நிலத்தில் இன்று எட்டு மாடிக் கட்டடம் நிற்கின்றது. கிணறு இருந்த இடத்தில் வாகனங்கள் நிற்கின்றன. அன்னையார் ஒருமுறை அவ்வழியாற் போனபோது தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

அவருக்கு இப்போது எண்பத்தைந்து வயது கடந்துவிட்டது. கண்பார்வை மங்கிவிட்டது. மாடி வீட்டில் எந்நேரமும் மின்விளக்கு எரிவதால் பகலெது மாலையெது என்பது அவருக்கு விளங்குவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பல்கனிக்குப் போய், குஞ்சத்தின் இலையை விரல்களுக்கிடையில் வைத்துப் பார்ப்பார். விரிந்திருந்தால் திரும்பி வந்து உட்காருவார். கூம்பியிருந்தால் சாமிப்படத்தடிக்குப் போய் விளக்கேற்றுவார்.

மூன்றாம் மாடியிலிருக்கும் சிங்கள மூதாட்டியொருவர் ஒருநாள் இதனைக் கண்டு, "இது நிதிகும்பாவின் உறவோ?" என்று கேட்டார். நிதிகும்பா என்பது சிங்களத்தில் தொட்டாற்சுருங்கியின் பெயர். அதன் முற்பகுதி உறக்கத்தைக் குறிக்கும். தமக்கும் ஒரு கிளை வேண்டுமென்றார். உடனே வெட்டிக் கொடுக்க நாம் கத்தியை எடுத்தோம். அன்னையார் கையமர்த்தினார். இப்போது அக்கிளையிற் பொலித்தீன் கட்டியிருக்கின்றது. வேர் கண்டபின் அது மூன்றாம் மாடிக்குப் போகும்.